பாலத்தைப் பிடித்துவைத்தால் பாலர் பள்ளி வருமா? 2021 ஜெயபால் விவகாரம்

தேக்காவாசி | 5 நவம்பர் 2025, இரவு 8:47

நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே தேதியிலதான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில உள்கட்டமைப்பு மசோதா நிறைவேறுச்சு. அதுவரைக்கும் அதை நகரவிடாம நிறுத்தி வச்சது பிரமிளா ஜெயபால் தலைமையிலான, ஜனநாயகக் கட்சியோட முற்போக்குக் குழு. அவங்க சென்னையில பிறந்து, இந்தோனேசியாவிலயும் நம்ம சிங்கப்பூர்லயும் வளர்ந்து, 16 வயசுல அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவங்க. அந்தப் பாசத்துல இங்க பலபேர் அவங்களைத் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க.

எனக்கு அது தப்புக் கணக்காத்தான் தெரியுது. சாலைக்கும் பாலத்துக்கும் காசு ரெடி, செனட்டும் ஒத்துக்கிச்சு. இவங்க குழந்தைப் பராமரிப்பு மசோதாவும் கூடவே வந்தாத்தான் ஓட்டுன்னு நின்னாங்க. கடைசியில பாலம் கிடைச்சுது, பாலர் பள்ளி போச்சு. மறுக்கிறவங்க மறுக்கலாம், திட்டு மட்டும் வேணாம் லா.

மூன்றாம் வாசிப்பு | 5 நவம்பர் 2025, இரவு 10:20

திட்டவில்லை. ஆனால் மசோதா ஏன் இரண்டாகப் பிரிந்தது என்பதைச் சொல்லாமல் "பிடித்து வைத்தார்" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

செனட்டில் 100 இடங்கள். சாதாரண மசோதா என்றால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் தேவை. 2021-ல் ஜெயபாலின் ஜனநாயகக் கட்சிக்கு 50. ஆக, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் பத்துப் பேராவது கையெழுத்துப் போடக்கூடிய பகுதியை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார்கள்: சாலை, பாலம், ரயில், தண்ணீர்க் குழாய், இணையக் கம்பிவடம். அது ஆகஸ்ட் 10-ல் 69-30 என்று செனட்டில் நிறைவேறியது. மொத்தம் ஏறக்குறைய 1.2 டிரில்லியன் டாலர். அதில் புதிய பணம் 550 பில்லியன்தான், மீதி எப்படியும் வழக்கமாக ஒதுக்கவேண்டியது.

மிச்சமிருந்தவை குழந்தைப் பராமரிப்பு, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசப் பாலர் கல்வி, சம்பளத்துடன் விடுப்பு, முதியோருக்கு வீட்டிலேயே பராமரிப்பு, மருந்து விலை, பருவநிலை. எதிர்க்கட்சியிலிருந்து இவற்றுக்கு ஒரு ஓட்டும் வராது. அதனால் 'ரீகன்சிலியேஷன்' என்ற வரவு செலவு வழி. அதில் விவாதத்துக்கு 20 மணி நேர வரம்பு உண்டு, சாதாரணப் பெரும்பான்மை போதும், சமமானால் துணை அதிபர் ஓட்டுப் போடுவார். அதற்கான கதவைத் திறக்கும் தீர்மானம் மறுநாளே, ஆகஸ்ட் 11-ல், 50-49 என்று நிறைவேறியது. உச்சவரம்பு பத்தாண்டுக்கு 3.5 டிரில்லியன்.

பிரதிநிதிகள் சபையில் அப்போது ஜனநாயகக் கட்சிக்கு 220, எதிர்க்கட்சிக்கு 212. மூன்று பேரை இழக்கலாம், நான்காவது ஆள் நழுவினால் தோல்வி. இந்த மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு முதலில் மிரட்டியது ஜெயபால் அல்ல. ஆகஸ்டில் ஜாஷ் காட்ஹைமர் தலைமையில் அதே கட்சியின் மிதவாதிகள் ஒன்பது பேர், உள்கட்டமைப்பு மசோதாவை முதலில் எடுக்காவிட்டால் 3.5 டிரில்லியன் தீர்மானத்துக்கு ஓட்டில்லை என்றார்கள். செப்டம்பர் 27-க்குள் வாக்கெடுப்பு என்று சபாநாயகர் பெலோசி வாக்குக் கொடுத்து அவர்களை இறக்கினார். ஜெயபால் செய்தது அதற்குப் பதில் காய் நகர்த்தல்.

பொங்கோல் புறா | 5 நவம்பர் 2025, இரவு 10:41

ஆக முதல்ல கதவைச் சாத்தினது அந்தப் பக்கம். இவங்க உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாங்க. புரிஞ்சுது.

மூன்றாம் வாசிப்பு | 5 நவம்பர் 2025, இரவு 11:05

தாழ்ப்பாள் போட ஆள் வேண்டுமே. முற்போக்குக் குழுவில் அப்போது ஏறத்தாழ 95 பேர். பல ஆண்டுகளாக அது அறிக்கை விடும் சங்கம்போலத்தான் இருந்தது. பாதிப்பேருக்கு உறுப்பினர் என்பதே நினைவில் இருக்காது. 2020 முடியும்போது விதிகளை மாற்றினார்கள். இரண்டு தலைவர்கள் என்ற முறை போய் ஒரே தலைவர். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஒத்துக்கொண்ட நிலைப்பாட்டுக்கு எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போடவேண்டும் என்ற கட்டுப்பாடு. 2021 ஏப்ரலில் ஐந்து முன்னுரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: பராமரிப்புத் துறை, வீடு, மருந்து விலையும் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்புறுதி) விரிவாக்கமும், பருவநிலை வேலைகள், குடியேறிகளுக்குக் குடியுரிமைப் பாதை. கோரிக்கை ஏப்ரலில், பிடி செப்டம்பரில். இந்த வரிசை முக்கியம். பிடித்த பிறகு கோரிக்கை தேடினால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

செப்டம்பர் 27 போனது, 30 போனது, வாக்கெடுப்பு நடக்கவில்லை. அக்டோபர் 1-ல் அதிபர் பைடனே நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்து, அவசரமில்லை, இரண்டும் சேர்ந்தே போகட்டும் என்றார். அக்டோபர் 28-ல், 3.5-ஐ 1.75 டிரில்லியனாகக் குறைத்த வரைவை அறிவித்துவிட்டு ரோமுக்கு விமானம் ஏறினார். அன்றும் வாக்கெடுப்பு இல்லை, சட்ட வாசகம் கையில் வேண்டும் என்று குழு சொன்னது.

கணக்குப்புலி | 6 நவம்பர் 2025, காலை 7:15

நவம்பர் 5 இரவுக் கணக்கு. 228-206. ஓஹையோ இடைத்தேர்தல் முடிந்து அன்று ஜனநாயகக் கட்சிக்கு 221, குடியரசுக் கட்சிக்கு 213, மொத்தம் 434, வேண்டியது 218.

ஆதரவு: ஜனநாயகம் 215 + குடியரசு 13 = 228.
எதிர்ப்பு: குடியரசு 200 + ஜனநாயகம் 6 = 206.

அந்த ஆறு பேர் ஒகாசியோ-கோர்டெஸ், ஓமர், தலீப், பிரஸ்லி, போமன், புஷ். ஜெயபால் இதில் இல்லை, அவர் ஆதரவு. 215 மட்டும் இருந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். ஆகவே "முற்போக்குக் குழு விட்டுக்கொடுத்ததால் நிறைவேறியது" என்று சொல்வது முக்கால் உண்மை. எதிர்ப்பக்கத்துப் பதின்மூன்று பேர் வந்ததால்தான் இந்த ஆறு பேரும் நிம்மதியாக எதிர்க்க முடிந்தது.

தேக்காவாசி | 6 நவம்பர் 2025, நண்பகல் 12:32

சரி. அப்ப அந்த ராத்திரி என்ன வாங்கிக்கிட்டுப் பிடியை விட்டாங்க? ஒரு காகிதம்தானே?

மூன்றாம் வாசிப்பு | 6 நவம்பர் 2025, மாலை 6:58

காகிதம்தான். மிதவாதிகள் ஐந்து பேர் கையெழுத்திட்ட அறிக்கை: நாடாளுமன்ற வரவு செலவு அலுவலகத்தின் கணக்கு வெள்ளை மாளிகை சொன்ன தொகைகளோடு ஒத்துப்போனால், நவம்பர் 15 தொடங்கும் வாரத்துக்குள், குழந்தைப் பராமரிப்பு அடங்கிய சமூக மசோதாவுக்கு ஓட்டுப் போடுவோம். கூடவே, அந்த மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் விதிமுறைத் தீர்மானம் அன்றிரவே நிறைவேறியது. இவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நவம்பர் 19-ல் 220-213. கட்சிக்குள் எதிர்த்த ஒரே ஆள் மேய்ன் மாநிலத்து ஜாரட் கோல்டன்.

பிரதிநிதிகள் சபை மிதவாதிகளைப் பொறுத்தவரை ஜெயபாலின் பிடி வேலை செய்தது. அவர்களுக்கு உள்கட்டமைப்பு மசோதா உயிர். அடுத்த தேர்தலில் காட்டப் பாலம் வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைக் கேட்டார்கள்.

செனட்டில் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்ச்சினுக்கு அந்த மாதிரி உயிர் எதுவும் இல்லை. உள்கட்டமைப்பு மசோதாவைப் பேசி முடித்த குழுவில் அவரும் ஒருவர், ஆனாலும் அது விழுந்தால் அவர் தூக்கம் கெடாது. ஜூலை 28-லேயே 1.5 டிரில்லியனுக்கு மேல் போகமாட்டேன் என்று எழுதி, செனட் பெரும்பான்மைத் தலைவர் ஷூமரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அந்தத் தாள் வெளியே வந்தது செப்டம்பர் 30-ல். அதாவது இரண்டு மாதம் 3.5-ஐ வைத்துப் பேரம் பேசியவர்கள், மறுபக்கத்தில் விலை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது தெரியாமல் பேசினார்கள். அரிசோனாவின் கிர்ஸ்டன் சினெமா வேறு, வருமான வரி விகிதத்தையும் நிறுவன வரி விகிதத்தையும் ஏற்ற விடமாட்டேன் என்றார். அதனால் வரவுப் பக்கமும் சுருங்கியது.

பிடி சரியான பிடிதான். யாருடைய கழுத்தில் போட்டார்களோ அவர் அடங்கினார். அடங்காத ஆள் வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார். டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சிப் பேட்டியில் மேன்ச்சின் முடியாது என்றார், கதை முடிந்தது.

பொங்கோல் புறா | 6 நவம்பர் 2025, இரவு 7:20

ஜூலையில எழுதின தாளை செப்டம்பர் வரைக்கும் சட்டைப்பைக்குள்ளயே வச்சிருந்தாரா ஷூமர்? சலவைக்குப் போட்டிருந்தா அமெரிக்க வரலாறே மாறியிருக்கும்.

குழாய்க்காரன் | 6 நவம்பர் 2025, இரவு 9:44

"சாலைக்குக் காசு ரெடி" என்று தேக்காவாசி எழுதியிருப்பதால் என் துறைக் கணக்கு.

இரண்டு மாதத் தாமதத்தால் களத்தில் என்ன நின்றது? செப்டம்பர் 30 இரவோடு பழைய நெடுஞ்சாலைச் சட்டத்தின் ஆயுள் முடிந்தது. போக்குவரத்துத் துறையில் ஏறக்குறைய 3,700 பேர் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உடனே ஒரு மாத நீட்டிப்பு, அக்டோபர் 31 வரை. பிறகு டிசம்பர் 3 வரை. மாநிலங்களின் நடப்பு வேலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புதிய பணம் எப்படியும் ஐந்து நிதியாண்டுகளுக்குப் பிரித்து வருவது. அந்த இரண்டு மாதம் பெரிய சேதம் இல்லை.

சேதம் கையெழுத்தான பிறகுதான். மின்வாகன மின்னேற்ற நிலையங்களைப் பாருங்கள். ஒதுக்கீடு 7.5 பில்லியன், அதில் 5 பில்லியன் மாநிலங்களுக்குச் சூத்திரப்படி. அப்போதைய நிபந்தனை: நெடுஞ்சாலை வழியில் 50 மைலுக்கு ஒரு நிலையம், வெளியேறும் முனையிலிருந்து 1 மைலுக்குள், நிலையத்துக்குக் குறைந்தது நான்கு மின்னேற்ற முனைகள், நான்கும் ஒரே நேரத்தில் தலா 150 கிலோவாட் கொடுக்கவேண்டும், 97 விழுக்காடு நேரம் வேலை செய்யவேண்டும். மத்திய அரசு 80 விழுக்காடு, மீதியை மாநிலமோ நிறுவனமோ போடும்.

நான்கு முனை தலா 150 என்றால் 600 கிலோவாட். ஊர்ப்புறப் பெட்ரோல் நிலையத்தில் அந்த அளவு மின்சாரம் இருக்காது. தனி மின்மாற்றி வேண்டும், மின்நிறுவனத்தின் வரிசையில் நிற்கவேண்டும். அந்த ஆண்டுகளில் மின்மாற்றி கேட்டால் கைக்கு வர ஒரு வருடம் தாண்டும். அதற்கு முன் காகித வேலை: மாநிலத் திட்டங்கள் 2022 ஆகஸ்டில் போயின, செப்டம்பரில் ஒப்புதல், தொழில்நுட்பத் தரம் 2023 பிப்ரவரியில் இறுதியானது, அதற்குப் பிறகுதான் ஏலம். முதல் நிலையம் ஓஹையோவில் திறந்தது 2023 டிசம்பரில். கையெழுத்தானது 2021 நவம்பர் 15. இரண்டு வருடம் போனது இப்படித்தான்.

இணையக் கம்பிவடத்துக்கு 42.45 பில்லியன். யாருக்கு இணைப்பு இல்லை என்ற வரைபடத்தையே புதிதாகப் போடவேண்டியிருந்தது. 2023 ஜூனில்தான் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தது. 2024 முடியும்வரை அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்கும் இணைப்பு போகவில்லை. இதையெல்லாம் ஜெயபால் தலையில் கட்ட முடியாது.

தேக்காவாசி | 7 நவம்பர் 2025, காலை 8:03

ஈயக் குழாய்க்கு 15 பில்லியன் ஒதுக்கினாங்களே, அதாவது உருப்படியா நடக்குதா?

குழாய்க்காரன் | 7 நவம்பர் 2025, பிற்பகல் 1:10

நடக்கிறது, மெதுவாக. மாநிலச் சுழல்நிதி வழியாகப் போகிற பணம். 49 விழுக்காடு மானியமாக அல்லது தள்ளுபடியாகும் கடனாக வசதி குறைந்த பகுதிகளுக்குப் போகவேண்டும், மீதி திருப்பிக் கட்டவேண்டிய கடன். நாட்டில் 9.2 மில்லியன் ஈய இணைப்புக் குழாய்கள் இருக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைப்பு 2023-ல் மதிப்பிட்டது.

சிக்கல் எங்கே என்றால், வீதியிலுள்ள பெருங்குழாயிலிருந்து எல்லைக்கோடு வரை நகரத்துடையது, அங்கிருந்து வீடுவரை வீட்டுக்காரருடையது. நகரம் தன் பாதியை மட்டும் மாற்றினால் வெட்டும் அதிர்விலும் புது உலோகம் சேரும் இடத்திலும் ஈயம் உதிர்ந்து, சில மாதங்களுக்குத் தண்ணீரில் முன்பைவிடக் கூடுதலாகக் கலக்கும். பாதி மாற்றுவதைவிடச் சும்மா விடுவது மேல். அதனால் முழு நீளமும் மாற்றினால்தான் பணம். அதற்கு வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்து வேண்டும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரைத் தேடிப் பிடிக்கவே ஆள் வைக்கவேண்டும். குழாய் எங்கே ஈயம், எங்கே செம்பு என்று பல நகரங்களில் பதிவேடே கிடையாது, தோண்டித்தான் பார்க்கவேண்டும். தோண்டுகிற கூலியும் அதே பணத்திலிருந்து.

பொங்கோல் புறா | 7 நவம்பர் 2025, மாலை 5:36

நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒருத்தர் ஒரு மசோதாவைப் பிடிச்சு வச்சா என்ன ஆகும்?

மூன்றாம் வாசிப்பு | 7 நவம்பர் 2025, இரவு 8:15

பிடிக்க முடியாது என்பதுதான் பதில். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு 97 இடங்களில் மக்கள் செயல் கட்சிக்கு 87. கொறடா விலக்கு அளிக்காவிட்டால் கட்சி உறுப்பினர் கட்சி வரிசையில்தான் ஓட்டுப் போடுவார். மூன்று ஓட்டு நழுவினால் மசோதா விழும் என்ற நிலை இங்கே இல்லை.

உறுப்பினர் கையில் இருப்பது வேறு கருவிகள். கேள்வி நேரம். ஒத்திவைப்புத் தீர்மானம்: 20 நிமிடம் பேசலாம், அமைச்சு 10 நிமிடம் பதில் சொல்லும். வரவு செலவுத் திட்டத்துக்குப் பின் அமைச்சுவாரியான விவாதத்தில், ஒதுக்கீட்டில் 100 வெள்ளி குறைக்கவேண்டும் என்று பெயருக்கு ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுத்துவிட்டுத் தன் தொகுதிப் பிரச்சினையைப் பேசுவது. கடைசியாக, தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது. அப்படி வந்தது ஒன்றே ஒன்று, நியமன உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்து 1995-ல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம்.

கணக்குப்புலி | 7 நவம்பர் 2025, இரவு 8:52

ஒன்றே ஒன்று இல்லை. ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், 2014, கிறிஸ்டஃபர் டி சூசா. வனவிலங்குச் சட்டத் திருத்தம், 2020, லூயிஸ் இங். பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துக்கே 2023-ல் வந்த திருத்தமும் தனிநபர் மசோதாதான். இவையெல்லாம் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கொண்டுவந்தவை. நியமன உறுப்பினர் கொண்டுவந்து நிறைவேறியது என்றால் வூன் கொண்டுவந்தது, அப்படிச் சொன்னால் சரி.

மூன்றாம் வாசிப்பு | 7 நவம்பர் 2025, இரவு 9:30

சேர்த்துக்கொள்கிறேன். நான்குக்கும் ஒரு பொது அம்சம் பாருங்கள்: கருவூலத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. பெற்றோர் பராமரிப்பில் பணம் கொடுப்பது பிள்ளைகள். அரசமைப்பின் 59-ஆம் பிரிவு காரணம். வரி விதிக்கிற, கடன் வாங்குகிற, அரசாங்க நிதியில் செலவு ஏற்றுகிற மசோதாவை, அதிபரின் பரிந்துரையை அமைச்சர் ஒருவர் தெரிவிக்காமல் யாரும் கொண்டுவர முடியாது. ஜெயபால் சிங்கப்பூரிலேயே தங்கி உறுப்பினராகியிருந்தாலும் குழந்தைப் பராமரிப்பு மசோதாவை அவையில் வைத்திருக்க முடியாது.

குழாய்க்காரன் | 8 நவம்பர் 2025, காலை 10:02

அதே 2021-ல் இங்கேயும் ஒரு உள்கட்டமைப்பு நிதிச் சட்டம் வந்தது. மே மாதம் நிறைவேறிய முக்கிய உள்கட்டமைப்பு அரசாங்கக் கடன் சட்டம், சுருக்கமாக 'சிங்கா'. 90 பில்லியன் வெள்ளிவரை கடன் வாங்கலாம். ஆண்டு வட்டி 5 பில்லியனைத் தாண்டக்கூடாது. திட்டம் குறைந்தது 4 பில்லியன் வெள்ளி மதிப்பு, 50 ஆண்டாவது பயன் தரவேண்டும். குறுக்குத் தீவு ரயில் பாதை, ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு போன்றவை இதில் வரும். பாலர் பள்ளி ஆசிரியர் சம்பளம் வரவே வராது, சட்டமே தடுக்கிறது. ஆண்டுதோறும் வருகிற செலவை நடப்பு வருவாயிலிருந்து கொடு என்பது இங்கத்திய கொள்கை.

அமெரிக்காவில் மசோதா இரண்டாகப் பிளந்ததற்கும் அடியில் இதே கோடுதான். பாலம் ஒருமுறைச் செலவு. கட்டி முடித்தால் ரிப்பன் வெட்டிவிட்டுப் போகலாம். பராமரிப்பு வருடாவருடம் வந்து நிற்கும் செலவு. முதலாவதற்கு எதிர்க்கட்சி வரும், இரண்டாவதற்கு வராது.

கணக்குப்புலி | 8 நவம்பர் 2025, காலை 11:48

இங்கே பாலர் பராமரிப்புக்கு யாரும் மசோதா பிடிக்கவில்லை, கட்டண உச்சவரம்பு மானிய ஒப்பந்தத்தின் வழியே வந்தது. அரசாங்க ஆதரவு பெற்ற முதன்மை நிலையங்களில் முழுநாள் கட்டணம் 2025-ல் பொருள் சேவை வரி நீங்கலாக 640 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது, 2026 ஜனவரியிலிருந்து 610. வேலை செய்யும் தாய்க்கு அடிப்படை மானியம் 300. குடும்ப வருமானம் 12,000 வெள்ளி வரை இருந்தால் கூடுதல் மானியம், அதிகபட்சம் 467. அமைச்சு அறிவித்தால் மாற்றலாம், சட்டத்திருத்தம் தேவையில்லை. எளிதாக வரும், வேறொரு அமைச்சர் எளிதாக எடுக்கவும் செய்யலாம். இரண்டும் உண்மை.

தேக்காவாசி | 8 நவம்பர் 2025, பிற்பகல் 3:20

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். பிடிச்சது தப்பில்லைன்னு எல்லாரும் என்னை ஓரங்கட்டியாச்சு. அப்ப எதுதான் தப்பு? மேன்ச்சின் மட்டும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

மூன்றாம் வாசிப்பு | 8 நவம்பர் 2025, இரவு 7:41

சுருக்கிய விதம். 3.5 டிரில்லியனை 1.75 ஆக்க இரண்டு வழி. சில திட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை நிரந்தரமாக வைப்பது. அல்லது எல்லாத் திட்டங்களையும் வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் குறைப்பது. ஜெயபாலின் குழு இரண்டாவதைக் கேட்டது. மக்கள் ஒருமுறை அனுபவித்துவிட்டால் அடுத்த ஆட்சி பிடுங்கத் தயங்கும் என்பது கணக்கு. ஆக, குழந்தை வரிச்சலுகை ஒரே ஒரு ஆண்டு, பாலர் கல்வியும் பராமரிப்பும் ஆறு ஆண்டு என்று ஆனது.

வந்த விளைவு: நவம்பர் 18-ல் வரவு செலவு அலுவலகம், வரி வசூலைக் கடுமையாக்கினால் கிடைப்பதைச் சேர்க்காமல், பத்தாண்டில் பற்றாக்குறை 367 பில்லியன் கூடும் என்றது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதே அலுவலகத்திடம் "எல்லாம் நிரந்தரம் என்று வைத்துக் கணக்குப் போடு" என்றார்கள். டிசம்பரில் வந்த விடை, ஏறக்குறைய 3 டிரில்லியன். மேன்ச்சினுக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்குமா? அவர் சரியாகத்தான் படித்தார் என்றுகூடச் சொல்வேன்: ஒரு ஆண்டுக்குப் போட்ட திட்டத்தை யாரும் ஒரு ஆண்டில் முடிக்க நினைக்கவில்லை.

குழந்தைப் பராமரிப்புப் பகுதியில் இன்னொரு ஓட்டை. குடும்ப வருமானத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கட்டவேண்டாம் என்பது இலக்கு. ஆனால் முதல் மூன்று ஆண்டு வருமான வரம்பு படிப்படியாகத்தான் ஏறும். அதே நேரம் ஊழியர் சம்பளத்தை ஏற்றவேண்டும். சம்பளம் ஏறினால் கட்டணம் ஏறும். வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் நடுத்தரக் குடும்பம் மானியமும் இல்லாமல் கூடுதல் கட்டணமும் கட்டும். மாநிலம் சேராமல் விலகலாம் என்ற வசதி வேறு. மெடிகெய்ட் (வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்புறுதி) விரிவாக்கத்தையே அப்போது பன்னிரண்டு மாநிலங்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவை இதை மட்டும் ஓடிவந்து வாங்கிக்கொள்ளுமா?

பொங்கோல் புறா | 8 நவம்பர் 2025, இரவு 8:10

பிரியாணிக் கடையில எல்லா ஐட்டமும் அரை பிளேட் கேட்ட கதை. பில்லு மட்டும் ஃபுல்லா வந்துச்சு.

கணக்குப்புலி | 8 நவம்பர் 2025, இரவு 10:27

இந்த இழையில் இதுவரை யாரும் மசோதா எண்ணைப் பார்க்கவில்லை. நவம்பர் 19-ல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது எச்.ஆர். 5376. 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்ற பெயரில் பைடன் கையெழுத்திட்டதும் எச்.ஆர். 5376. ஒரே எண். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, மேன்ச்சினும் ஷூமரும் ஜூலை 27-ல் அறிவித்த ஒப்பந்தத்தை அதே உறைக்குள் போட்டார்கள். ஆகஸ்ட் 7-ல் செனட்டில் 51-50, துணை அதிபர் ஹாரிஸ் ஓட்டில். 12-ல் பிரதிநிதிகள் சபையில் 220-207. 16-ல் கையெழுத்து.

மெடிகேர் மருந்து விலைப் பேரம், இன்சுலின் மாதம் 35 டாலர், மருந்துக்குக் கைச்செலவு ஆண்டுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு, பெரிய நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி, பருவநிலைக்கு 369 பில்லியன் என்று அப்போது சொன்ன தொகை. ஐந்து முன்னுரிமைகளில் ஒன்றரை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாசிப்பு | 9 நவம்பர் 2025, காலை 9:05

ஆமாம், அதுதான் என் மறுபக்க வாதமும். நவம்பர் 5-ல் அந்தக் காகிதம் இல்லாமல் உள்கட்டமைப்பு மசோதாவை மட்டும் விட்டிருந்தால், 19-ஆம் தேதி மிதவாதிகள் ஓட்டுப் போட்டிருப்பார்களா? சந்தேகமே. போடாவிட்டால் செனட்டின் மேசையில் கைவசம் ஒரு மசோதா இருந்திருக்காது. ரீகன்சிலியேஷன் அனுமதியும் நிதியாண்டு முடியும் 2022 செப்டம்பர் 30 வரைதான். ஆகஸ்டில் புதிதாகத் தொடங்க நேரமில்லை. பிடித்து வைத்ததன் பலன் பாலர் பள்ளி அல்ல, காலி உறை. அந்த உறைக்கு ஒன்பது மாதம் கழித்து மதிப்பு வந்தது.

குடியேறிகள் பகுதி எப்படியும் போயிருக்கும். செனட் விதி ஆலோசகர் எலிசபெத் மெக்டோனா, வரவு செலவில் நேரடி விளைவு இல்லாததை ரீகன்சிலியேஷனில் புகுத்தக்கூடாது என்ற பேர்ட் விதியைக் காட்டி, செப்டம்பரில் இருமுறை, டிசம்பரில் ஒருமுறை நிராகரித்தார். அதே 2021 பிப்ரவரியில் 15 டாலர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் அதே கதி. தனியார் காப்புறுதிக்காரர்களுக்கான இன்சுலின் வரம்பும் இந்த விதியில்தான் மாட்டியது. விதியை ஒதுக்கிவைக்க 60 வேண்டும், வந்தது 57.

தேக்காவாசி | 9 நவம்பர் 2025, நண்பகல் 12:18

காலி உறைக்கு இவ்வளவு மவுசா. சரி, "தப்புக் கணக்கு"ங்கிறதை "பாதிக் கணக்கு"ன்னு மாத்திக்கிறேன். ஆனா மாசம் 300 டாலர் வந்துக்கிட்டிருந்த குடும்பத்துக்கு இதைச் சொல்லிப் பாருங்க.

கணக்குப்புலி | 9 நவம்பர் 2025, பிற்பகல் 2:40

அந்தக் குழந்தை வரிச்சலுகைத் தவணை மார்ச் 2021 நிவாரணச் சட்டத்தில் வந்தது. ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளைக்கு மாதம் 300, ஆறு முதல் பதினேழு வரை 250. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு தவணை. டிசம்பர் 15 கடைசித் தவணை, 19 மேன்ச்சின் பேட்டி. இந்த இடத்தில் தேக்காவாசியோடு ஒத்துப்போகிறேன்: தனியாக இதை மட்டும் நீட்டிக்க முயன்றிருக்கலாம். பெரிய மசோதாவுக்குள் மூட்டை கட்டியதால் மூட்டையோடு போனது.

பொங்கோல் புறா | 9 நவம்பர் 2025, மாலை 4:05

இந்த 2025-ல குடியரசுக் கட்சியும் அதே வழியிலதானே போச்சு?

மூன்றாம் வாசிப்பு | 9 நவம்பர் 2025, மாலை 6:33

அதே ரீகன்சிலியேஷன், அதே 51-50, இம்முறை துணை அதிபர் வான்ஸ். ஜூலை 3-ல் பிரதிநிதிகள் சபை 218-214, மறுநாள் கையெழுத்து. மின்வாகன வாங்கல் சலுகை செப்டம்பர் 30-ஓடு போனது. குழந்தை வரிச்சலுகை 2,200 டாலர், மாதத் தவணை கிடையாது. அவர்கள் இரண்டு மசோதாவாகப் பிரிக்கலாமா என்று யோசித்து, ஒன்றாகவே கட்டினார்கள். 2021-ஐப் பார்த்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

குழாய்க்காரன் | 9 நவம்பர் 2025, இரவு 9:12

அடுத்த தேதி 2026 செப்டம்பர் 30. உள்கட்டமைப்புச் சட்டத்தின் நெடுஞ்சாலைப் பகுதி அன்று காலாவதி. நெடுஞ்சாலை நிதிக்கு வரவு பெட்ரோல் வரி, கேலனுக்கு 18.4 சென்ட், 1993-லிருந்து ஏறவே இல்லை. வண்டிகள் குறைவாகக் குடிக்கின்றன, கட்டுமான விலை ஏறிவிட்டது. 2021-ல் பொதுநிதியிலிருந்து 118 பில்லியன் எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். இம்முறை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சண்டை வரும். மின்வாகனத்துக்கு ஆண்டுக் கட்டணம் போடலாம் என்று ஒரு தரப்பு கேட்கிறது. அது வந்தாலும் ஓட்டையில் சிறு பங்குதான் அடையும்.

தேக்காவாசி | 9 நவம்பர் 2025, இரவு 9:30

அப்ப ஜெயபால் திரும்பப் பிடிப்பாங்களா?

கணக்குப்புலி | 9 நவம்பர் 2025, இரவு 9:34

முற்போக்குக் குழுவின் தலைவர் இப்போது அவர் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து டெக்சஸின் கிரெக் காசார். கட்சியும் சிறுபான்மை. சபையில் பெரும்பான்மை இல்லாதவர் பிடிக்க ஒரே இடம் செனட்டின் 60.